முதல் கோணல்: வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குத் தப்பான தகவல் போகும்போது

நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிவிட்டுக் கூப்பிட்டார். ஆன் செய்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. கடவுச்சொல் போட்டு உள்ளே போய் அரை நிமிடம் ஆவதற்குள் திரை அணைந்து இயந்திரம் தூங்கிப்போகிறது. பவர் பொத்தானைத் தட்டினால் எழுகிறது. மறுபடி அரை நிமிடம், மறுபடி தூக்கம். எனக்கு முன்னால் நாலைந்து பேரிடம் கேட்டுவிட்டாராம். எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "டிரைவர் இல்லை."

டிரைவர், அதாவது ஒரு வன்பொருளோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் மென்பொருள், இருந்தது. தன் வேலையைச் சரியாகவும் செய்துகொண்டிருந்தது. மூடி எந்த நிலையில் இருக்கிறது என்று அது இயந்திரத்தைக் கேட்டது. "மூடியிருக்கிறது" என்று பதில் வந்தது. மூடிக் கிடக்கும் மடிக்கணினியைத் தூங்கவைப்பதுதானே முறை, இயங்குதளம் தூங்கவைத்தது. மூடியோ நண்பரின் முகத்துக்கு நேரே விரியத் திறந்திருந்தது.

கணினியில் ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் நாம் கொடுக்கும் தீர்ப்புகள் இரண்டு மூன்றுதான். டிரைவர் இல்லை, இந்த ஓ.எஸ். இதை சப்போர்ட் பண்ணாது. விண்டோஸில் ஓடுகிறதே, அப்போது குற்றம் இன்னொன்றின் மேல்தான். இவை எதிலும் அடங்காத ஒரு காரணம் உண்டு, அது நாம் நினைப்பதைவிட அதிகமாகவே நடக்கிறது: வன்பொருளும் நன்றாக இருக்கும், டிரைவரும் நன்றாக இருக்கும், இடையில் நின்று அறிமுகம் செய்துவைப்பவர் தப்பாகச் சொல்லியிருப்பார்.

## காவலாளி மாறும் நேரம்

பெரிய கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலாளி கிளம்புகிறார், பகல் காவலாளி வருகிறார். வருபவருக்குக் கட்டடம் புதிது. எத்தனை அறைகள், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் போகிறவர் எழுதிவைத்த குறிப்பேட்டில் இருக்கிறது. சில அறைகளை அவரே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். மற்றதற்கெல்லாம் குறிப்பேடுதான் கதி. அதில் மூன்றாவது மாடியில் ஏழு அறைகள் என்று எழுதியிருந்து, உண்மையில் ஆறுதான் என்றால், ஏழாவது கதவைத் தேடிச் சுவரில் முட்டிக்கொள்ளப்போவது புதியவர். பார்ப்பவர்களுக்கு விவரம் கெட்டவராகத் தெரிவதும் அவர்தான்.

கணினியில் அந்த இரவுக் காவலாளியின் பெயர் ஃபர்ம்வேர். நிலைபொருள் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். தாய்ப்பலகையில் உள்ள ஒரு சின்னச் சில்லில் பதிந்திருக்கும் மென்பொருள் அது. மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். ரேமை எழுப்பி, திரைக்கு உயிர் கொடுத்து, இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்று தேடி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இதற்கு பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் இருப்பது யுஇஎஃப்ஐ என்ற அடுத்த தலைமுறை. ஆனாலும் பழக்கதோஷத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம், நானும்தான்.

குறிப்பேட்டின் முதல் பக்கம் நினைவக வரைபடம். இந்த முகவரியிலிருந்து இந்த முகவரிவரை நீ புழங்கலாம், இது எனக்கு, இதைத் தொடாதே என்று ரேமைப் பங்கு பிரித்துக் காட்டும் பட்டியல். கணினியில் 8 ஜிபி ரேம் இருக்கிறது என்பதை இயங்குதளம் ஒவ்வொரு இடமாகத் தொட்டு எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது.

## தட்டினால் குரல் கொடுப்பவை

எல்லாவற்றுக்கும் குறிப்பேட்டை நம்ப வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை கார்டு போன்றவை உட்காரும் பிசிஐ என்ற பாதையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அடையாள எண் உண்டு. தயாரித்தவர் யார் என்பதற்கு ஓர் எண், எந்த மாடல் என்பதற்கு ஓர் எண். இயங்குதளம் ஒவ்வோர் இடமாகப் போய் "யார் அங்கே?" என்று கேட்கும். பதினாறடிமான எண்முறையில் 8086 என்று பதில் வந்தால் அது இன்டெல். தங்களுடைய புகழ்பெற்ற சில்லின் பெயரையே அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டார்கள். யாருமே இல்லாத இடமாக இருந்தால் எல்லா பிட்டும் 1 என்று வரும். ஆள் இல்லை என்று பொருள். யுஎஸ்பியிலும் ஏறக்குறைய இதே கதைதான். எண் கிடைத்ததும் அந்த எண்ணுக்குரிய டிரைவரை அழைக்கலாம். இப்படி என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று கண்டுகொள்வதற்கு வன்பொருள் கண்டறிதல் என்று பெயர்.

இது வருவதற்கு முந்தைய காலம் கொடுமையானது. ஐஎஸ்ஏ என்ற பழைய பாதையில் உட்கார்ந்த கார்டுகளுக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. டிரைவர்கள் ஊகமாகச் சில முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். ஒலிக்கார்டைத் தேடித் தட்டிய தட்டில் பக்கத்திலிருந்த நெட்வொர்க் கார்டு குழம்பிப்போய், கணினியே உறைந்து நிற்பதும் உண்டு.

ஆனால் இன்றும் ஒரு மடிக்கணினியில் பாதிப் பொருள்கள் ஊமைதான். மூடி, திரை வெளிச்சம், பேட்டரி, மின்விசிறி, வெப்பமானி, பவர் பொத்தான். மூடி என்றால் என்ன? ஒரு சின்னக் காந்தம், அது அருகில் வருவதை உணரும் ஒரு சென்சார், அதிலிருந்து ஏதோ ஒரு சில்லின் ஏதோ ஒரு பின்னுக்கு, அதாவது இணைப்புக் காலுக்கு, போகும் கம்பி. "நான்தான் மூடி" என்று அந்தக் கம்பி சொல்லாது. எந்தப் பின் என்பது மாடலுக்கு மாடல் மாறும். தாய்ப்பலகையை வடிவமைத்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சில சாதனங்கள் கேட்டால் பதில் சொல்லும், அவற்றை இயங்குதளம் நேரடியாக அறியும். மற்றவற்றைப் பற்றி ஃபர்ம்வேர் சொல்வதுதான் ஒரே சாட்சி. கோணல்கள் அதிகம் கிளம்புவது இந்த இரண்டாவது வகையில்.

## குறிப்பேட்டுக்குள் ஒரு நிரல்

அந்தச் சாட்சியத்தை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. ஏசிபிஐ என்பது அதன் பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. 2013 முதல் யுஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது.

ஏசிபிஐ அட்டவணைகள் என்று சொல்லும்போது பலரும் வரிசையும் நெடுவரிசையுமாக ஒரு தகவல் பட்டியலைக் கற்பனை செய்கிறார்கள். சில பக்கங்கள் அப்படித்தான். முக்கியமான பக்கம் அப்படி இல்லை, அது ஒரு நிரல். மூடியின் நிலை தெரிய வேண்டுமா, இந்தச் செயல்முறையை ஓட்டு. வெளிச்சத்தைக் கூட்ட வேண்டுமா, அந்தச் செயல்முறையை ஓட்டு. தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த இந்தக் குட்டிக் குட்டி நிரல்களைப் படித்து ஓட்டுவதற்கென்றே இயங்குதளத்தின் மையப் பகுதியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். அந்த மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர்.

யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. போன வருடம் வந்த இயங்குதளம் இந்த வருடம் வந்த மடிக்கணினியில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுவும் இங்கேயே ஆரம்பிக்கிறது. நிரல் என்றால் பிழை இருக்கும். லினக்ஸ் கெர்னலில் மூடிக்கான டிரைவரைத் திறந்து பார்த்தால், டி701 என்ற ஒரு கருவிக்கு நேராக ஒரு குறிப்பு இருக்கிறது: இதன் மூடிச் செயல்முறை பார்க்கும் பின் எதனுடனும் இணைக்கப்படவே இல்லை. அந்தரத்தில் தொங்கும் பின்னைப் படித்தால் என்ன வரும்? எது வேண்டுமானாலும் வரும்.

எழுதிவைத்த விதிக்கு மாறாக நடக்கும் இப்படிப்பட்ட குணத்தைத்தான் இந்தத் தொழிலில் குவர்க் என்கிறார்கள். அதைச் சமாளிக்க இயங்குதளத்தில் எழுதும் திருத்தத்துக்கும் அதே பெயர்தான், கேட்பவர் குழம்பட்டும் என்பதுபோல. நான் முதலாவதைக் கோணல் என்றும் இரண்டாவதைத் திருத்தம் என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

## சோதித்துப் பார்த்தது மட்டுமே நிஜம்

ஏன் இப்படித் தப்புத்தப்பாக எழுதுகிறார்கள் என்று ஃபர்ம்வேர் ஆட்களைத் திட்டுவது எளிது. அவர்கள் நிலைமை வேறு. மாடல் கடைக்குப் போக வேண்டிய தேதி குறித்தாகிவிட்டது. முந்தைய மாடலின் நிரலை எடுத்துத் தேவையானதை மட்டும் மாற்றுகிறார்கள். அப்புறம் விண்டோஸை நிறுவிப் பார்க்கிறார்கள். மூடினால் தூங்குகிறதா, எழுகிறதா, வெளிச்சம் கூடிக் குறைகிறதா? எல்லாம் சரி. வேலை முடிந்தது.

இந்தச் சோதனையில் எந்தப் பாதையெல்லாம் மிதிபட்டதோ அதெல்லாம் நம்பகமானது. மிதிபடாத பாதையில் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. நண்பரின் மூடிக் கதை இதற்கு நல்ல உதாரணம். மூடியைப் பற்றி ஏசிபிஐயில் இரண்டு விதமாகத் தகவல் வரலாம். ஒன்று, மூடியை அசைக்கும்போது ஃபர்ம்வேர் தானாக முன்வந்து அறிவிப்பது. இன்னொன்று, "இப்போது மூடி எப்படி இருக்கிறது?" என்று இயங்குதளம் கேட்கும்போது பதில் சொல்வது. விண்டோஸில் முக்கியமானது "மூடியாயிற்று" என்ற அறிவிப்புதான், தூங்கவைப்பது அதை வைத்துத்தான். அதனால் அது எல்லா இயந்திரத்திலும் ஒழுங்காக வரும். கேட்டால் சொல்லும் பதிலும், "திறந்தாயிற்று" என்ற அறிவிப்பும் அந்த அளவுக்குச் சோதிக்கப்படுவதில்லை. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களிலேயே இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்: சில இயந்திரங்களில் ஆன் செய்தவுடன் கேட்டால் வரும் மூடி நிலையை நம்ப முடியாது, "மூடியாயிற்று" அறிவிப்பை மட்டும் நம்பலாம்.

அந்த அரை நிமிடக் கணக்கும் இங்கிருந்தே வருகிறது. பல லினக்ஸ் வகைகளில் மூடியைக் கவனிக்கும் சேவை, கணினி எழுந்த பிறகு 30 விநாடி வரை மூடியைக் கண்டுகொள்ளாது. வெளித்திரை ஏதாவது இணைத்திருந்தால் அது கண்ணில் படுவதற்கான அவகாசம் அது. 30 விநாடி முடிந்ததும் பார்க்கிறது: மூடி மூடியிருக்கிறதாம், வெளித்திரையும் இல்லை. தூங்கு.

ஆகவே "விண்டோஸில் ஓடுகிறதே" என்பது வன்பொருள் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். ஃபர்ம்வேர் விதிப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சியே ஆகாது. இன்னொரு இயங்குதளத்தை எழுதுபவர் ஆவணத்தைப் படித்து அதன்படி எழுதினால் மட்டும் போதாது. எந்தப் பாதை மிதிபட்டது என்று கண்டுபிடித்து, அதே பாதையில் தானும் நடக்க வேண்டும்.

## "நீ விண்டோஸா?"

இதன் உச்சகட்ட வேடிக்கை ஏசிபிஐயில் உள்ள ஒரு கேள்வி. குறிப்பேட்டு நிரல் இயங்குதளத்தைப் பார்த்து, "இன்னின்ன வசதி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அது "நீ எந்த விண்டோஸ்?" என்ற கேள்வியாகிவிட்டது. "விண்டோஸ் 2001" என்று கேட்டால் எக்ஸ்பி, "விண்டோஸ் 2009" என்றால் ஏழு, "விண்டோஸ் 2012" என்றால் எட்டு, "விண்டோஸ் 2015" என்றால் பத்து. வரும் பதிலைப் பொறுத்து ஃபர்ம்வேர் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும்.

லினக்ஸ் இதற்கு என்ன பதில் சொல்லும்? நேர்மையாக "நான் லினக்ஸ்" என்று சொன்னால் சோதிக்கப்படாத பாதைக்குள் தள்ளப்படும். அதனால் எல்லா விண்டோஸ் கேள்விக்கும் "ஆமாம், அதுதான் நான்" என்று சொல்கிறது. இன்றும், உங்கள் கணினியிலும். "நீ லினக்ஸா?" என்று சில ஃபர்ம்வேர்கள் கேட்பதுண்டு. முன்பு லினக்ஸ் அதற்கும் ஆமாம் என்றது. அப்புறம் பார்த்தால், பல இயந்திரங்களில் அந்தக் கேள்வி மாதிரி நிரலிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது, கேட்டதற்கு ஒரு காரணமும் இல்லை. வேறு சிலர் அன்றைய லினக்ஸின் ஏதோ ஒரு பிழையைச் சமாளிக்கக் கேட்டிருந்தார்கள். பிழை சரியான பிறகும் கேள்வி மட்டும் சில்லில் தங்கிவிட்டது. இப்போது "நீ லினக்ஸா?" என்ற கேள்விக்கு லினக்ஸ் இல்லை என்கிறது. இதை முதல்முறை படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆள்மாறாட்டத்துக்கு விலையும் உண்டு. விண்டோஸ் 8 வந்தபோது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறை மாறியது. அதுவரை ஏசிபிஐ செயல்முறை வழியாகப் போன வேலையை அதற்குப் பிறகு கிராஃபிக்ஸ் டிரைவரே நேரடியாகச் செய்ய ஆரம்பித்தது. அன்றிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் பழைய செயல்முறை பெயருக்கு இருந்தது, யாரும் சோதிக்கவில்லை. லினக்ஸ் அந்தப் பழைய வழியிலேயே போனது. விசையை அழுத்தினால் திரையில் வெளிச்சக் கோடு ஏறும் இறங்கும், வெளிச்சம் மட்டும் அப்படியே நிற்கும். தீர்வு எப்படி வந்தது தெரியுமா? ஃபர்ம்வேர் "விண்டோஸ் 2012" என்ற கேள்வியைக் கேட்கிறதா என்று லினக்ஸ் கவனிக்க ஆரம்பித்தது. கேட்டால், இது விண்டோஸ் 8-க்குப் பிறகு எழுதியது, பழைய வழியை நம்பாதே, நேரடி வழியில் போ. பதில் சொல்ல வேண்டியவர் கேட்பவரின் வயதைக் கேள்வியிலிருந்தே கணித்துக்கொள்கிறார்.

அதற்கும் விதிவிலக்கான இயந்திரங்கள் உண்டு. அவற்றின் பெயர்கள் தனியாக ஒரு பட்டியலில் நீண்டுகொண்டே போகின்றன.

## பெயர் எழுதாத விடைத்தாள்

பட்டியல் என்றதும் அடுத்த சிக்கல் வருகிறது. "இந்த மாடலாக இருந்தால் இப்படிச் செய்" என்று எழுத வேண்டுமென்றால், ஓடுவது எந்த மாடல் என்று தெரிய வேண்டும். அதற்குக் கணினிக்குள் ஒரு பெயர்ப்பலகை உண்டு, டிஎம்ஐ என்பார்கள். தயாரித்தவர் பெயர், மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, பயாஸ் தேதி எல்லாம் அதில் எழுத்தாக இருக்கும். அதையும் எழுதுவது யார்? அதே ஃபர்ம்வேர்தான்.

நம்பி எடுத்துப் பார்த்தால் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்று இருக்கும். தயாரிப்பாளர் இங்கே நிரப்பவும் என்று அர்த்தம். நிரப்ப மறந்துவிட்டார். இன்னும் சிலவற்றில் "டீஃபால்ட் ஸ்டிரிங்".

ஜிபிடி பாக்கெட் என்று சட்டைப்பைக்குள் போகும் அளவில் ஒரு குட்டி மடிக்கணினி உண்டு. டேப்லெட்டுக்கான நெட்டைத் திரையை அதில் பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறார்கள். இயங்குதளத்துக்குச் சொல்லாவிட்டால் படம் தொண்ணூறு டிகிரி சாய்ந்து கிடக்கும். திருத்தம் எழுதலாம் என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால் மாடல் "டீஃபால்ட் ஸ்டிரிங்", தாய்ப்பலகையின் பெயரும் "டீஃபால்ட் ஸ்டிரிங்". கெர்னல்காரர்கள் விடவில்லை. இரண்டு இடமும் ஒருசேரக் காலியாக இருக்கும் கருவிகள் குறைவு, தயாரித்தவர் இடத்தில் இந்தக் குறிப்பிட்ட பெயர் இருப்பவையும் குறைவு, அதோடு பயாஸ் தேதியும் இந்தச் சில தேதிகளில் ஒன்றாக இருந்தால் அது ஜிபிடி பாக்கெட்தான் என்று முடிவுகட்டினார்கள். வகுப்பில் ஒரே ஒரு விடைத்தாளில் மட்டும் பெயர் எழுதாமல் இருந்தால், அது யாருடையது என்று கண்டுபிடிப்பது எளிதுதானே!

பிசிஐ, யுஎஸ்பி சாதனங்களுக்கான திருத்தங்களில் இந்தத் தலைவலி குறைவு, ஏனென்றால் அடையாள எண் இருக்கிறது. லினக்ஸில் பிசிஐ திருத்தங்களுக்கென்று இருக்கும் கோப்பு மட்டுமே ஆயிரக்கணக்கான வரிகள்.

சுருக்கமாக இவ்வளவு: திருத்தம் என்பது டிரைவர் கிடையாது. "இந்த ஆள் இதைச் சொன்னால் நம்பாதே, அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்" என்று ஒரு வரி. அந்த ஆளை அடையாளம் காணும் வேலைதான் பல சமயம் திருத்தத்தைவிடக் கடினம்.

## பட்டியலா, பொது விதியா

ஒவ்வொரு மாடலாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவது முடிவில்லாத வேலை. பொதுவாக ஒரு விதி போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். விண்டோஸ் 2000 அப்படி ஒரு விதி வைத்திருந்தது. பயாஸின் தேதி 1999 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் அதன் ஏசிபிஐயை நம்பலாம். அதற்கு முந்தையது என்றால், நல்லது என்று தெரிந்த பட்டியலில் இருந்தால் மட்டும். மைக்ரோசாஃப்டுக்கும் கோணல் ஃபர்ம்வேர் புதிதில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

பொது விதி எங்கே இடறும் என்பதற்கு விசைப்பலகைக் கதை ஒன்று. 2022 வாக்கில் ஏஎம்டியின் ரைசன் சில்லுகளோடு வந்த சில மடிக்கணினிகளில் விசைப்பலகை பயாஸ் திரையில் வேலை செய்யும், லினக்ஸ் வந்ததும் செத்துப்போகும். விசையை அழுத்தியதும் "என்னைக் கவனி" என்று செயலிக்குப் போகும் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். அந்தத் தட்டல் கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது நடந்ததாகக் கொள்வதா, இறங்கும்போதா என்று ஏசிபிஐ சொல்ல வேண்டும். இந்த இயந்திரங்களில் ஓர் அட்டவணை ஒன்று சொன்னது, இன்னோர் அட்டவணை வேறொன்று சொன்னது. இப்படி முரண்பட்டால் எதை நம்ப வேண்டும் என்று லினக்ஸில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதன்படி நம்பியது இங்கே தப்பாகப் போனது.

சரி, இந்தச் சில்லுக் குடும்பம் முழுவதற்கும் வழக்கத்தைத் திருப்பிப் போடுவோம் என்று விதி எழுதினார்கள். அந்த மடிக்கணினிகள் பிழைத்தன. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறு சில மடிக்கணினிகளின் விசைப்பலகை போயிற்று. விதியை எடுப்பதும் மறுபடி போடுவதும் விதிவிலக்குகளை எழுதுவதுமாக 2023 வரை இழுத்தது. பட்டியல் என்றால் அசிங்கம், ஆனால் பட்டியலில் இல்லாதவருக்குத் தொந்தரவு இல்லை. என் கட்சி, சந்தேகமானால் பட்டியல்தான்.

## போனவர் திரும்பி வந்தால்

காவலாளி உவமையில் ஒன்றை மறைத்துவிட்டேன். இரவுக் காவலாளி உண்மையில் முழுதாகப் போவதில்லை. கட்டடத்திலேயே ஒரு மூலையில் தங்கிக்கொண்டு, அவ்வப்போது எழுந்து ஏதோ செய்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஃபர்ம்வேரின் சில பகுதிகள் இயங்குதளம் வந்த பிறகும் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அதனால் வந்த வினை ஒன்று. ரேமின் ஆரம்பப் பகுதியைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு, கணினி தூங்கி எழும்போதோ யாராவது திரைக் கேபிளைச் செருகும்போதோ, சில பயாஸ்கள் அதே இடத்தில் எதையாவது எழுதிவிடும். நீங்கள் கேபிளைச் செருகியதற்கும் அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு நிரல் செத்ததற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? லினக்ஸ் முதலில் இதற்கும் ஒரு பட்டியல் வைத்துப் பார்த்தது, பிறகு அதைக் கைவிட்டது. ரேமின் முதல் 64 கேபியை யார் என்ன சொன்னாலும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தது, பின்னாளில் முதல் 1 எம்பி முழுவதையும் ஒதுக்கிவைத்தது. பொது விதி சரியாக அமைந்த இடம் இது. இழப்பு அற்பம், யாருக்கும் கெடுதல் இல்லை.

2013 ஆரம்பத்தில் நடந்தது இன்னும் மோசம். யுஇஎஃப்ஐயில் அமைப்புகளைச் சேமிக்கச் சின்ன ஒரு சேமிப்பிடம் உண்டு. சில மடிக்கணினிகளில் அதில் பாதிக்குமேல் நிரம்பினால் அடுத்தமுறை ஃபர்ம்வேரே எழவில்லை. கணினி செத்த மாதிரிதான். லினக்ஸை ஓட்டினால் மடிக்கணினி செத்துப்போகிறது என்று பேச்சு பரவியது. பிறகுதான் தெரிந்தது, விண்டோஸிலிருந்து எழுதினாலும் அதே கதி என்று. இப்போது அந்தச் சேமிப்பிடத்தில் 5 கேபியாவது மிச்சம் இருக்காது என்று தெரிந்தால் லினக்ஸ் எழுத மறுத்துவிடும்.

## உங்கள் கணினியில் சந்தேகம் வந்தால்

கெர்னலின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஃபர்ம்வேர் தப்பாகச் சொன்னது உறுதியானால் அந்த வரியின் முன்னால் "ஃபர்ம்வேர் பக்" என்ற முத்திரையோடு எழுதுவது லினக்ஸின் வழக்கம். ஒன்றிரண்டு வரிகள் இருந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலான கணினிகளில் இருக்கும். சமாளித்தாயிற்று என்பதற்கான ரசீது அது. வேலை செய்யாத பொருளோடு அந்த வரிக்குச் சம்பந்தம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தயாரிப்பாளர் புது பயாஸ் வெளியிட்டிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். தப்பை அதன் பிறப்பிடத்திலேயே சரிசெய்யும் வழி அது ஒன்றுதான். அடுத்தது பூட் அளவுருக்கள், அதாவது கெர்னல் கிளம்பும்போது அதன் காதில் நாம் போட்டு அனுப்பும் சொற்கள். வெளிச்சத்துக்கு எந்த வழி, விண்டோஸ் கேள்விக்கு என்ன பதில், மூடியின் ஆரம்ப நிலை என்ன என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு. சிலர் எடுத்ததும் ஏசிபிஐயையே முழுதாக அணைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது என்பதற்காகக் குறிப்பேட்டையே எரிப்பது மாதிரி அது. பேட்டரி அளவு, தூக்கம் எல்லாம் அதோடு போய்விடும். எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒருமுறை அணைத்துப் பார்ப்பது வேறு.

அளவுரு போட்டுப் பிரச்சினை தீர்ந்தால் அத்தோடு விட்டுவிடாமல், உங்கள் டிஎம்ஐ விவரங்களோடு கெர்னல்காரர்களுக்கு எழுதிப்போடுங்கள். அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பதிப்பில் தானாகவே சரியாகிவிடும்.

நண்பரின் கணினிக்குப் புது பயாஸ் ஏதும் வந்திருக்கவில்லை. கிளம்பும்போது மூடி திறந்திருப்பதாகவே வைத்துக்கொள் என்று ஓர் அளவுரு போட்டோம். அன்றோடு தூக்கம் நின்றது. மூடினால் மட்டும் தூங்குகிறது, அந்த அறிவிப்புதான் எப்போதும் ஒழுங்காக வருமே. கெர்னல்காரர்களுக்கு எழுதலாம் என்று அவர் கணினியின் பெயர்ப்பலகையை எடுத்தோம். மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டீஃபால்ட் ஸ்டிரிங்" என்று இருந்தது. பயாஸ் தேதியையும் சேர்த்து அனுப்பினோம்.